பூட்டிய நீச்சல் குளமும் புதிய கல்வெட்டும்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, என் ஒன்பது வயது மகனையும் அண்ணன் மகளையும் அழைத்துக்கொண்டு கொங்கு நாட்டிலுள்ள எங்கள் ஊரின் பொது நீச்சல் குளத்துக்குப் போனேன். ஏன் நாலு மணி என்பது அங்கே நீந்திய பெண்களுக்குத் தெரியும். நாலிலிருந்து ஐந்து வரை பெண்களும் குழந்தைகளும், அதன் பிறகு ஆண்கள். 1990களில் பள்ளி விட்டதும் அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறேன். இப்போது இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. அருகிலேயே, சுவரில் பதித்த கருங்கல் கல்வெட்டு, எழுத்துகளில் பொன் நிறம் மங்காமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

கூப்பிட்டதும் வயதான காவலாளி ஒருவர் வந்தார். “உள்ள தண்ணி இல்லீங்க அம்மிணி. சும்மா பாக்கறதுன்னா பாத்துட்டுப் போங்க” என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் எனக்கு முதலில் வியப்புத்தான். நான் நீந்திய காலத்தில் காலைக் கீறிய பழைய ஓடுகள் இல்லை. நீல நிறப் புது ஓடுகள் வரிசை பிசகாமல் பதிக்கப்பட்டிருந்தன. உடை மாற்றும் அறைகள் புதியவை, உட்காரும் படிகளுக்கு மேல் கூரை புதியது. ஆழமான பக்கத்தில் மட்டும் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு தேங்கி, கரும்பச்சையாகப் பாசி பிடித்துக் கிடந்தது. “ஏனுங்கய்யா, எப்பத் திறப்பாங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எங்களை மோட்டார் அறைக்கு அழைத்துப் போனார்.

இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாத இடம் அந்த அறைதான். மணல் வடிகட்டித் தொட்டிகள் இரண்டும் துருவேறி நின்றன. குளத்தைப் புதுப்பித்துத் திறந்துவைத்த பிறகு ஒரே ஒரு கோடைக்காலம் தண்ணீர் ஓடியது என்றும், அதற்குப் பின் மோட்டார் எரிந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். “காயில் கட்டுனா ஓடுமுங்க. ஆளு வந்து பாத்துட்டுத்தான் போனாரு. காசு யாரு குடுக்கறதுன்னுதான் தெரியலீங்க.” ஓடு பதிக்கவும் கூரை போடவும் கல்வெட்டு வைக்கவும் பணம் இருந்த இடத்தில், மோட்டாருக்குக் காயில் கட்டப் பணம் இல்லாமல் போனது எப்படி என்ற கேள்வி, ஊரில் இருந்த மீதி நாட்கள் முழுவதும் என்னை விடவில்லை.

நீச்சல் குளம் என்பது கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தினால் தானே நிற்கும் கட்டடம் அல்ல. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அத்தனையும் ஒரே நாளில் பல முறை வடிகட்டியின் வழியாகப் போய்வர வேண்டும். குளோரினையும் கார அமிலத் தன்மையையும் தினமும் அளந்து பார்க்க வேண்டும். குழந்தைகள் நீந்தும் நேரமெல்லாம் உயிர்காப்பாளர் கரையில் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மோட்டார் சில நாட்கள் நின்றாலே தண்ணீர் பச்சையாகிவிடும். மின்கட்டணமும் மருந்தும் மூன்று பேருக்குச் சம்பளமும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தால்தான் குளம் குளமாக இருக்கும்.

அடுத்த வாரம் உள்ளாட்சி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை சந்திக்க முடிந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். புதுப்பித்த பணிக்கான தொகை ஒரு திட்டத்தின் கீழ் வந்தது, பணி முடிந்தது, கணக்கும் முடிந்தது. இனி நடத்தும் செலவு உள்ளாட்சியின் பொது நிதியிலிருந்து வர வேண்டும். தெருவிளக்கும் குடிநீரும் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் அதே நிதியில்தான் போகின்றன. ஆகவே கருத்துரு மேலே அனுப்பப்பட்டிருக்கிறது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விளையாட்டுக் கட்டமைப்புக்கு மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டம் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. ஆனால் அது நிலையான பொதுச் சொத்துகளை உருவாக்குவதற்கானது, அன்றாடச் செலவுக்கு அதில் இடமில்லை. கட்டுவதற்கு இப்படிக் கதவுகள் பல திறந்திருக்க, நடத்துவதற்கு ஒரு கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் எப்போதும் நெருக்கடியில் இருக்கும் கதவு.

கட்டத் தெரியாத மாநிலம் அல்ல நம்முடையது. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் எழுந்த நீச்சல் வளாகத்தை நினைத்து நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் பதினெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஸ்ட்ராட்ஃபோர்டு நீச்சல் அரங்கம் 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வீராங்கனைகள் பதக்கம் வென்ற அதே குளத்தில் இன்று நானும் நீந்துகிறேன். இங்கிலாந்தின் பாடத்திட்டப்படி தொடக்கப் பள்ளியை முடிக்குமுன் ஒவ்வொரு குழந்தையும் 25 மீட்டராவது நீந்தப் பழகியிருக்க வேண்டும். உள்ளூர் வரிப்பணத்தில் பொதுக் குளியலகம் கட்டலாம் என்று அங்கே சட்டம் வந்தது 1846இல். இருந்தும் அங்கும் எல்லாம் சரியாக இல்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கும் அறுபது வயது கடந்தவர்களுக்கும் 2009இல் தொடங்கிய இலவச நீச்சல் திட்டத்தை, மறு ஆண்டே செலவைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் ஏறியபோது பல ஊர்களில் குளங்கள் மூடப்பட்டன. ஆனால் 2023 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் குளங்களுக்கென்றே 6 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியபோது, அதில் 2 கோடியை முதற்கட்டமாக மின்சாரம், குளோரின் போன்ற நடப்புச் செலவுகளுக்கு என்று கொடுத்தார்கள். சூரியத் தகடு, குளத்துக்கு மூடுவிரிப்பு போன்ற கட்டுமானத்துக்கான 4 கோடி அதன் பிறகே வந்தது. அந்த வரிசை எனக்குச் சரியென்று படுகிறது. நம் ஊரில் அதற்கு நேர்மாறாக நடந்திருப்பதைத்தான் மோட்டார் அறையில் பார்த்தேன்.

“வெளிநாட்டில் இருப்பவர்கள் நமக்கு நாமே திட்டத்தில் பங்களிக்கலாமே” என்றார் அதிகாரி. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும் திட்டம் அது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. எங்கள் பள்ளித் தோழிகள் ஆறு பேர் சேர்ந்தால் முடியும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அவர் உடனே, பழைய குளத்துக்குப் பக்கத்தில் சிறுவர்களுக்கென்று புதிதாக இன்னொரு குளம் கட்டலாம் என்றார். என் மகிழ்ச்சி அந்த இடத்திலேயே அடங்கிப்போனது.

என் அப்பா எனக்கு நீச்சல் பழக்கியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் மிதவையாகச் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி. மகனுக்கும் அப்படியே பழக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். ஆழ்துளைக் குழாய்கள் வந்த பிறகு அந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறுவதில்லை. முள்வேலி போட்டு வைத்திருக்கிறார். இன்றைய பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பவை ஆறும் தடுப்பணையும் கல்குவாரிக் குட்டையும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அங்கிருந்து வரும் செய்திகளை லண்டனில் இருந்து படிக்கும்போது, பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு குளமும் எனக்கு நினைவுக்கு வரும்.

புறப்படுவதற்கு முந்தைய திங்கட்கிழமை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுத்துவிட்டு வந்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதற்கும், மோட்டார் இயக்குபவர் ஒருவர், உயிர்காப்பாளர் இருவர் ஆகியோரின் சம்பளத்துக்கும், மின்கட்டணத்துக்கும் குளோரினுக்கும் ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மாலை நாலு மணிக்குப் பெண்களுக்கான நேரத்தை மாற்ற வேண்டாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். மனு எண் எழுதிய ரசீதை அண்ணனிடம் கொடுத்து, மாதம் ஒரு முறை போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.