மண்ணில் நிற்காத சைடு ஸ்டாண்டு: 41,000 கிலோமீட்டருக்குப் பிறகு

கரடுமுரடான பாதைகளுக்கென்றே விற்கப்படும் உயரமான பைக் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினேன். கோவில்பட்டியில் குடியிருப்பவனுக்கு அது வீண் ஆடம்பரம் இல்லை. ஊரைச் சுற்றிக் கரிசல் காடு, கிழக்கே போனால் தேரி மணல், மேற்கே போனால் மலை. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். எஞ்சினைப் பற்றியோ சஸ்பென்ஷனைப் பற்றியோ என்னிடம் சொல்லும்படியான குறை இல்லை. ஆனால் ஓடும்போது இரண்டே முறை விழுந்த இந்த வண்டி, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து முறை விழுந்திருக்கிறது. அந்த ஐந்துக்கும் காரணம் சைடு ஸ்டாண்டு. வண்டியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நண்பர்களிடம் இருக்கும் இதே வகையைச் சேர்ந்த வேறு வண்டிகளிலும் இந்தக் குறைகளில் பாதியையாவது பார்த்துவிட்டேன் என்பதால், ஒரு நிறுவனத்தை மட்டும் சுட்டுவதில் நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

முதலில் ஸ்டாண்டின் பாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியின் எடை 155 கிலோ. அதில் எவ்வளவு சைடு ஸ்டாண்டின் மேல் இறங்குகிறது என்று அறிய, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து, சாய்வு மாறிவிடாமல் இருக்க இரண்டு சக்கரங்களுக்கும் அதே உயரத்தில் பலகை கொடுத்துப் பார்த்தேன். கருவி 34 கிலோ காட்டியது. தரையில் படும் தகடோ ஐந்து சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் கொண்டது, அதாவது பதினைந்து சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டே கால் கிலோ அழுத்துகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் செருப்புக் காலுடன் நிற்கும்போது தரையில் விழும் அழுத்தத்தைப் போல இது எட்டொன்பது மடங்கு. நாம் தாராளமாக நடந்து போகும் நிலத்தில் ஸ்டாண்டு மட்டும் ஏன் இறங்குகிறது என்பது அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றும். குதிரைமொழித் தேரிப் பக்கத்துச் செம்மணலில் ஸ்டாண்டைப் போட்ட உடனேயே அது புதைந்துவிடும், நாமும் உடனே விழித்துக்கொள்வோம். அந்த வகையில் மணல் நேர்மையானது. கரிசல் அப்படியில்லை. ஐப்பசி மழை பெய்து மேற்பரப்பு மட்டும் காய்ந்திருக்கும் நாளில், வரப்போரத்தில் நிறுத்திய வண்டி கல்லின்மேல் நிற்பதுபோல் நிற்கும். பாதம் மெதுவாக அரை விரற்கடை இறங்கும், வண்டி இடப்பக்கம் கொஞ்சம் சாயும், சாய்ந்ததால் ஸ்டாண்டின் மேல் எடை கூடும், எடை கூடியதால் பாதம் இன்னும் இறங்கும். தொடங்கிவிட்டால் இந்தச் சங்கிலி தானாக நிற்பதில்லை. எட்டயபுரத்துக்கு அருகே ஒரு மக்காச்சோளக் காட்டோரத்தில், பத்து நிமிடம் அசையாமல் நின்ற வண்டி, நான் தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தபோது ஓசையின்றிப் படுத்துக்கொண்டது. கோடையில் அதே கரிசல் வேறு விளையாட்டைக் காட்டும். ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் களிமண் அது என்பதால் நிலம் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும், ஸ்டாண்டின் பாதம் அந்த வெடிப்புக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போகும். சித்திரை வெயிலில் இளகிக் கிடக்கும் தார்ச்சாலையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு மருந்து என்று கடைகளில் விற்கப்படும் அகலமான அலுமினியத் தகட்டைத்தான் முதலில் வாங்கினேன். நான்கு சிறு திருகுகளால் பாதத்தைக் கவ்விக்கொள்ளும் அந்தத் தகடு இரண்டே மாதத்தில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது, விழுந்த இடம்கூடத் தெரியாது. பிறகு பழக்கமான வெல்டிங் பட்டறைக்குப் போய், நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை எட்டுக்கு ஆறு சென்டிமீட்டர் அளவில் வெட்டிப் பழைய பாதத்தின் அடியில் பற்றவைக்கச் சொன்னேன். பட்டறை அண்ணாச்சி அளவைக் கேட்டதும், “யானைக்கால் மாதிரி இருக்குமே தம்பி, வேலியில மாட்டாதா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு அதே அளவில்தான் வேண்டும் என்றேன். அடுத்த வாரமே கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல முள் ஒன்று தகட்டின் முன்முனையில் மாட்டி, மடித்திருந்த ஸ்டாண்டைக் கீழே இழுத்து, ஓட்டத்திலேயே எஞ்சினை அணைத்தது (ஸ்டாண்டு இறங்கினால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் இதில் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்). திரும்பிப் போய் முன் மூலைகளைச் சாய்வாகச் சீவி வாங்கி வந்தேன். சீவிய பிறகும் நாற்பது சதுர சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மொத்தச் செலவு 350 ரூபாய். இந்த வண்டிக்கு நான் செய்த செலவுகளில் மனம் நோகாமல் கொடுத்த பணம் அதுதான். தொழிற்சாலையிலேயே இதைச் செய்திருந்தால் வண்டியின் விலை எவ்வளவு கூடியிருக்கும் என்று யோசித்தால்தான் கோபம் வருகிறது.

பாதத்தை இப்படிச் சரிசெய்துவிடலாம். நீளத்தைச் சரிசெய்வது எளிதல்ல. இந்த வகை வண்டிகளின் அடிப்படைச் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சாலை பைக்கில் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் அளவு குறைவு என்பதால், வண்டி காலியாக இருந்தாலும் சுமையோடு இருந்தாலும் நிற்கும் உயரத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. பள்ளம் மேடுகளை விழுங்குவதற்காக 200 மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கும் சஸ்பென்ஷனைக் கொடுத்த வண்டியில், 25 கிலோ மூட்டையைப் பின்னால் கட்டினாலே வண்டி கண்ணுக்குத் தெரிய இறங்கிவிடும். ஆனால் ஸ்டாண்டு ஒரே நீளம். சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டுக்கும் ஸ்டாண்டின் பாதத்துக்கும் இடையே ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும் வண்டியில், உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் சாய்வு சுமார் இரண்டு பாகை குறையும். காலியாக நிற்கும்போது பத்துப் பன்னிரண்டு பாகை சாய்ந்திருக்கும் வண்டிக்கு அந்த இரண்டு மூன்று பாகைதான் உயிர்நாடி. மூட்டை கட்டிய பைக் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும், வலப்பக்கத்திலிருந்து ஒரு விரலால் தொட்டால் ஸ்டாண்டின் பக்கம் வந்து அமர்வதற்குப் பதிலாக எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிக்கும்.

சின்னமனூர் வழியாக மேகமலைக்குப் போனபோது இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். தங்குமிடத்தில் இறங்கி, ஸ்டாண்டு இருக்கும் பக்கம் நிற்பதுதானே வசதி என்று இடப்பக்கப் பையை முதலில் கழற்றினேன். வலப்பக்கப் பை மட்டும் தொங்கியதும் வண்டி என் கையைவிட்டு வலப்புறமாகச் சாய்ந்தது. இடப்பக்கம் விழுந்திருந்தால் கிளட்ச் லீவர் முறிந்திருக்கும், அது இல்லாமலும் ஒருவாறு ஊர் வந்து சேரலாம். வலப்பக்கம் விழுந்ததால் முன் பிரேக் லீவர் முறிந்தது. மறுநாள் அந்த மலையின் வளைவுகள் அத்தனையையும் பின் பிரேக்கையும் கியரையும் மட்டுமே நம்பி இறங்கினேன். வலப்பக்கப் பையை முதலில் கழற்றி இடப்பக்கப் பையைக் கடைசியாகக் கழற்றும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது. ஏற்றும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

சுமையைத் தாங்க ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவைக் கூட்டினால் வண்டி நிமிர்வது குறையும் என்பது உண்மை. அதே அமைப்பில் மூட்டையில்லாமல் ஊருக்குள் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்து, தூக்கி நிமிர்த்துவதே ஒரு வேலையாகிவிடும். உயரம் குறைந்தவர்கள் வண்டியைத் தாழ்த்துவதற்காகப் பின்பக்க இணைப்புத் தகடுகளை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் ஸ்டாண்டை அறுத்துக் குறைக்கவில்லையென்றால் வண்டி எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். சஸ்பென்ஷனைத் தொட்டால் ஸ்டாண்டையும் தொட்டாக வேண்டும் என்பது உற்பத்தியாளர்களுக்குத் தெரியாத இரகசியம் அல்ல. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு ராலி கிட் என்ற கரட்டுப் பாதைப் போட்டிக்கான பாகத் தொகுப்பு வந்தபோது, உயரம் கூடிய சஸ்பென்ஷனோடு நீளமான சைடு ஸ்டாண்டையும் சேர்த்தே தந்தார்கள். அந்த அக்கறை எல்லா வண்டிகளுக்கும் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இரண்டு மூன்று துளைகளில் ஊசி மாட்டி நீளத்தை மாற்றும் அமைப்பு ஊன்றுகோல்களில் காலங்காலமாக இருக்கிறது. இந்த விலைக்கு விற்கும் வண்டியில் அதை ஏன் யோசிக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

நிறுத்தும் இடத்தைப் பற்றி நம் சாலைகளுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டாண்டும் இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே சாலையோரத்தில் ஒதுங்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் தாழ்வான பக்கத்திலேயே ஸ்டாண்டு இறங்குகிறது, வண்டி ஆபத்தான அளவுக்குச் சாய்கிறது. மலைச் சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி முதல் கியரில் விட வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டி அரையடி முன்னால் உருண்டாலே ஸ்டாண்டு பின்னோக்கி மடிந்துவிடும்.

அடுத்தது சுவிட்ச். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் வந்த காலத்தையொட்டி, ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் நம் பைக்குகளில் பரவலாகிவிட்டது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. எடுக்காத ஸ்டாண்டோடு இடப்புறம் திரும்பினால் அது தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கி எறியும். தெருவில் போகும் முன்பின் தெரியாத ஒருவர் “ஸ்டாண்டு! ஸ்டாண்டு!” என்று கூவி, விரல்களை மடக்கி நீட்டிக் காட்டும் அந்த அன்பை நம் ஊரில் அனுபவிக்காதவர் யார்? ஆனால் இந்தச் சுவிட்சை வைத்திருக்கும் இடம் ஸ்டாண்டின் கீல், அதாவது முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேராக வந்து அப்பும் இடம். ஈரக் கரிசல் அங்கே அப்பிக் காய்ந்தால், ஸ்டாண்டை மடித்த பிறகும் சுவிட்ச் இறங்கியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. மூன்று முறை வழியில் குச்சியால் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே வண்டி கிளம்பியது. இது போதாதென்று, பெரிய கற்களின்மேல் துள்ளி இறங்கும்போது ஸ்பிரிங் பிடியை மீறி ஸ்டாண்டு கணநேரம் கீழே தொங்கும், எஞ்சின் அந்தக் கணத்தில் செத்துப் பிழைக்கும். ஏற்றத்தின் நடுவில் இது நடந்தால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

சுவிட்சின் ஒயரை இணைத்துவிட்டு அதை முடக்கச் சொல்லிப் பலர் அறிவுறுத்தினார்கள். நான் செய்யவில்லை. மறதிக்காரன் என்று என்னை எனக்குத் தெரியும். பதிலாக, பழைய சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, கரட்டுப் பாதையில் இறங்கும் முன் மடித்த ஸ்டாண்டை ஃபுட்ரெஸ்ட்டோடு சேர்த்து மாட்டிவிடுகிறேன். கரட்டுப் பாதைகளில் நெடுந்தூரம் ஓட்டும் எண்டூரோ போட்டிக்காரர்களும் ரப்பர் பட்டையால் இதையே செய்கிறார்கள். மண் தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் சைடு ஸ்டாண்டே கிடையாது. பந்தயம் முடிந்ததும் அவற்றைத் தூக்கி வைக்கத் தனியே முக்காலி போன்ற மேடை உண்டு. கடைத்தெருவுக்கும் போக வேண்டிய நமக்கு அந்தச் சொகுசு இல்லை.

கடைசிக் குறையில் என் பங்கும் உண்டு. என் உயரம் 165 சென்டிமீட்டர், வண்டியின் இருக்கை ஏறத்தாழ 83 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்டாண்டு போட்டபடியே இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, குதிரைமேல் ஏறுவதுபோல் காலைத் தூக்கிப் போட்டுத்தான் இரண்டு ஆண்டுகள் ஏறினேன். அப்படி ஏறும்போது என் எடையில் பெரும்பகுதி அந்தச் சிறு கம்பியையும் அது சட்டகத்தில் மாட்டியிருக்கும் காதையும் வளைக்கப் பார்க்கிறது. 26,000 கிலோமீட்டரில் வண்டியைக் கழுவும்போது அந்தக் காதின் ஓரத்தில் தலைமுடி போன்ற விரிசல் தெரிந்தது. சர்வீஸ் நிலையத்தில், இது வாரண்டியில் வராது, சட்டகத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். அண்ணாச்சி பேட்டரியையும் எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டியையும் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, விரிசலைத் தேய்த்துப் பற்றவைத்து, பின்னால் ஒரு முக்கோணத் தாங்கலும் கொடுத்தார். அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பூசி வைத்திருக்கிறேன், புதிய விரிசல் வந்தால் பெயின்ட்டில் முதலில் தெரியும். 15,000 கிலோமீட்டராக ஒன்றும் தெரியவில்லை. இப்போது வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காலைப் போட்டு ஏறப் பழகிவிட்டேன்.

சென்டர் ஸ்டாண்டு போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயனில் அது தொழிற்சாலையிலிருந்தே வந்தது, செயின் பராமரிப்புக்கும் பஞ்சர் பார்க்கவும் மிகவும் வசதி. ஆனால் புதைமணலில் அதை ஏற்றி நிறுத்த முடியாது, கற்பாதையில் முதலில் இடிபடுவதும் அதுவாகவே இருக்கும். என் வண்டிக்கு நான் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

பெரிய தகடு இருந்தும் தேரியிலும் மழைக்காலக் கரிசலிலும் அடியில் ஏதாவது கொடுத்தாக வேண்டியிருக்கிறது. தட்டையான கல் தேரியில் கிடைக்காது, கொட்டாங்குச்சி நொறுங்கிவிடும், காய்ந்த பனைமட்டையின் அடிப்பகுதி நன்றாகத் தாங்கும். ஒவ்வொரு முறையும் தேட முடியாததால், சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு வட்டம் வெட்டி வைத்துக்கொண்டேன். முதல் மூன்று வட்டங்களை எடுக்க மறந்து நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். நான்காவதில் துளையிட்டு மீட்டர் நீளக் கயிறு கட்டி, மறுமுனையைக் கைப்பிடியில் மாட்டியிருக்கிறேன். இருக்கையில் அமர்ந்தபடியே இழுத்தால் சேற்றோடு மேலே வந்துவிடுகிறது, கடந்த பதினான்கு மாதங்களாக அது தொலையவில்லை.