முன் புரொப்பல்லர் ஷாஃப்டை முழுதாகப் புதுப்பித்ததாகப் பில் போட்டார்கள்: ஃபோர் வீல் வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

கோவையில் உள்ள ஒரு பட்டறையில் எங்கள் பிக்கப் வண்டியின் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைப் புதுப்பிக்கக் கொடுத்தோம். எஞ்சினின் விசையை முன் ஆக்சிலுக்குக் கடத்தும் சுழலும் தண்டு அது. அதன் இரு முனைகளிலும் உள்ள மடங்கும் ஜாயிண்டுகளுக்குப் புதிய கிராஸ் (நடுவில் நிற்கும் சிலுவை வடிவத் துண்டு), தேய்ந்த ஸ்லீவுக்கு (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் வழுக்கும் உறை) பதில் புதியது, மெஷினில் பேலன்சிங் (எடை சமன்) என்று பில்லில் வரிசையாக எழுதிப் பணத்தையும் முழுமையாக வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் நடந்தது ஒரு கிராஸ் மாற்றமும் ஒரு பூச்சுக் கறுப்புப் பெயிண்டும் மட்டுமே. அந்த ஒரு கிராஸையும் தவறாகவே மாட்டியிருந்தார்கள். புகார் நடவடிக்கையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த வேலையில் எதையெல்லாம் மறைக்க முடியும் என்பதை ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டியை நம்பிப் பிழைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களுடையது பழைய மஹிந்திரா பிக்கப். கோத்தகிரிப் பக்கம் தோட்டத்திலிருந்து பச்சைத் தேயிலையை ஃபாக்டரிக்கு ஏற்றுவதுதான் அதன் வேலை. வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்து மண்பாதை சேறாகிவிட்டால், முன் சக்கரமும் இழுத்தால்தான் சுமையோடு மேடு ஏற முடியும். இந்த வண்டியின் முன் ஹப்களில் பூட்டி விடுவிக்கும் வசதி கிடையாது. ஆகவே ஃபோர் வீல் போடாமல் தார்ச்சாலையில் ஓடும்போதும், முன் சக்கரங்கள் சுழல்வதால் ஆக்சிலும் முன் ஷாஃப்டும் கூடவே சுழன்றுகொண்டிருக்கும். முன் ஷாஃப்டில் உள்ள குறை எப்போதாவது சேற்றில் இறங்கும்போது மட்டும் வரும் குறையாக இல்லாமல், வண்டி நகரும் நேரமெல்லாம் இருக்கும் குறையாவது இதனால்தான்.

ஃபோர் வீலில் ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது அடியில் டக்கென்று ஒரு தட்டல் கேட்க ஆரம்பித்திருந்தது. அடியில் படுத்துப் பார்த்தபோது ஆக்சில் பக்க ஜாயிண்டில், கிராஸின் முனைகளை மூடும் கப்களைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருப்பொடி படிந்திருந்தது. கிரீஸ் வற்றி, கப்களுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் (மெல்லிய உருளைகள்) காய்ந்து தேய்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருப்பினால், ஸ்லீவ் வழுக்கும் பல்வரிசையான ஸ்ப்லைனிலும் ஆட்டம் தெரிந்தது. எனவே பட்டறையில் கிராஸ் மட்டும் கேட்காமல், முழு வேலையாகவே செய்யச் சொன்னோம். ஒப்புக்கொண்டார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறும்வரை, வேகம் கூடும்போதெல்லாம் தரைத்தகடு வழியாக ஓர் அதிர்வு காலுக்கு ஏறியது. 40-ஐத் தாண்டினால் தொடங்கும், 60-இல் உறுமலாக மாறும். பட்டறைக்குப் போன் செய்தால், "அண்ணே, புது கிராஸ் கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். அடுத்த முறை டயர் பேலன்சிங் பாருங்கள் என்றார்கள். அதையும் செய்து முடித்த பிறகு எஞ்சின் மவுண்டிங்கில் குற்றம் கண்டார்கள். ஒவ்வொரு பதிலும் அவர்கள் தொட்ட இடத்தை விட்டு விலகியே இருந்தது.

இப்படிப்பட்ட பேச்சை அறுப்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஷாஃப்டை இரு முனைகளிலும் போல்ட் கழற்றி முழுவதுமாக எடுத்துவிட்டு, பின் சக்கர இயக்கத்தில் மட்டும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியைப் போல இரு முனைகளிலும் பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) உள்ள ஷாஃப்டை இப்படிக் கழற்றினால், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆயில் ஒழுகாது. சில வண்டிகளில் ஷாஃப்டின் முனை நேராக உள்ளே நுழைந்திருக்கும்; அவற்றை இப்படிக் கழற்றி ஓட்டக் கூடாது. ஷாஃப்டை எடுத்ததும் எங்கள் வண்டியில் அதிர்வு அடியோடு நின்றது. டயரும் மவுண்டிங்கும் குற்றமற்றவை என்பது அதிலேயே முடிவாகிவிட்டது.

ஷாஃப்டை பேலன்சிங் மெஷின் வைத்திருக்கும் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மூத்த மிஸ்திரி அதை மேஜையில் வைத்ததும், மெஷினில் ஏற்றாமலே, கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற இரண்டு முனை யோக்குகளையும் நேர்க்கோட்டில் பார்க்கச் சொன்னார். ஒன்றின் காதுகள் நிற்கும் வாக்கில் மற்றதன் காதுகள் இல்லை. கண்ணுக்கே தெரியும்படி திருகி நின்றன. கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்த கோணத்தில் சுழலும்போது சீரான வேகத்தைக் கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை வேகம் கூடி இரு முறை குறையும். கோணம் 10 பாகை என்றால் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கூடும், அதே அளவு குறையும். மறுமுனை ஜாயிண்டும் அதே கோணத்தில், அதே வாக்கில் நின்றால் முதலாவது கூட்டியதை இரண்டாவது கழித்துவிடும். வாக்கு மாறினால் கழிவதற்குப் பதில் மிச்சம் நிற்கும். சரியாகக் குறுக்கே போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து இரட்டிக்கும். எங்கள் வண்டி போன்றவற்றில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுற்று சுழலும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மிச்சம் எப்படி உறுமலாக ஏறி வருகிறது என்பது விளங்கும். ஸ்லீவைக் கழற்றித் திரும்பச் செருகும்போது பல் தள்ளிப் போட்டதுதான் காரணம். அப்படித் தவறாமல் இருக்கவே கம்பெனியில் குழாயிலும் ஸ்லீவிலும் எதிரெதிரே அம்புக்குறி அடித்து அனுப்புகிறார்கள். மிஸ்திரி பெயிண்டைச் சுரண்டியபோது இரண்டு அம்புகளும் இருந்தன, ஒன்றையொன்று பார்க்காமல்.

அதே ஸ்லீவ் பழையது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்க ஜாயிண்டைக் கழற்றினார். அந்தக் கிராஸும் பழையதுதான். அதன் நான்கு முனைகளிலும் ஊசிகள் அழுந்திய கோடுகள் விரலில் தட்டுப்பட்டன. புதிதாகப் போட்ட ஆக்சில் பக்க கிராஸில் மூன்று கப்கள் ஒழுங்காக இருந்தன. நான்காவதைப் பிரித்தபோது, வளையமாக நிற்க வேண்டிய ஊசிகளில் ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் குறுக்கே விழுந்து, மூன்றாக உடைந்து கிடந்தது. கப் உள்ளே இறங்க மறுக்கும்போதே ஊசி விழுந்திருக்கிறது என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். வெளியே எடுத்துக் கிரீஸ் தடவி ஊசிகளை நிறுத்தித் திரும்பப் போடச் சில நிமிடங்கள் போதும். அதைச் செய்யாமல் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். கப் முழுதாக இறங்காததால், அது வெளியே வராமல் தடுக்கும் சர்க்கிளிப் வளையம் தன் காடிக்குள் பாதிதான் உட்கார்ந்திருந்தது. என்னை மிகவும் கொதிக்க வைத்தது இதுதான். மற்றவை பண மோசடி. இது உயிரோடு விளையாடுவது.

சர்க்கிளிப் தெறித்தால் கப் வெளியேறும், கப் போனால் கிராஸ் யோக்கை விட்டு வரும். ஆக்சில் பக்கம் விடுபட்ட ஷாஃப்டின் முனை முன்னோக்கித் தரையில் இறங்கும். ஓடும் வண்டி அதன்மேல் ஊன்றிக்கொள்ளக்கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் விடுபட்டால், முன் சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க, அது கியர்பாக்ஸ் கூட்டையும் பிரேக் குழாயையும் அடித்து நொறுக்கும். கோத்தகிரியிலிருந்து சுமையோடு இறங்கும் வளைவுகளில் இவற்றில் எது நடந்தாலும் என்னவாகும் என்று அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேலன்சிங் செய்ததாக எழுதியதும் பொய். குழாயில் ஒட்டியிருந்த பழைய எடைத் தகடு ஒன்று பெயர்ந்து, வெல்டிங் புள்ளிகள் மட்டும் பெயிண்டுக்கு அடியில் மிஞ்சியிருந்தன. மெஷினில் ஏற்றியதும் சமனின்மையின் அளவு எங்கேயோ நின்றது. பிளாஞ்ச் போல்ட்களில் ஒன்று மற்றவற்றோடு சேராத சாதாரண போல்ட். தலையில் வலிமை எண்ணே இல்லை.

ஆகவே இந்த வேலைக்கு வண்டி கொடுப்பவர்கள் கழற்றிய பழைய கிராஸ், ஸ்லீவ் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதை வேலைச் சீட்டிலும் எழுத வையுங்கள். கழற்றும் முன் யோக்கிலும் ஸ்லீவிலும் பிளாஞ்சிலும் பெயிண்டால் குறியிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேலன்சிங் வெளியில் கொடுத்துச் செய்வதென்றால் அந்த இடத்தின் பில்லைக் கேளுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு ஜாயிண்டையும் கையால் எல்லாத் திசையிலும் மடக்கிப் பாருங்கள். புதிய கிராஸ் சற்று இறுக்கமாக இருக்கலாம், ஆனால் எந்த இடத்திலும் சிக்கி நிற்கக் கூடாது. நிப்பிளில் கிரீஸ் அடித்தால் நான்கு கப்களின் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் நான்காவது கப்பில் வரவே இல்லை.

பட்டறைக்காரர் இப்போது ஒரு கிராஸின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்; நாங்கள் ஏற்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டிருக்கிறோம். வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டிக்கு இது பொருந்தாது என்று பட்டறையில் பயமுறுத்தினார்கள். வணிக நோக்கத்துக்கு விலக்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவரை அந்தச் சட்டமே நுகர்வோராக ஏற்கிறது. உடைந்த ஊசி, கப், பழைய கிராஸ், படங்கள், மிஸ்திரி எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் எங்களிடம் பத்திரமாக உள்ளன. கோவைப் பக்கம் முன் ஷாஃப்ட் வேலை செய்துகொண்டு வந்து அதிர்வோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், சுமை ஏற்றுவதற்கு முன் ஷாஃப்டைக் கழற்றி அந்தச் சர்க்கிளிப்களை முதலில் பாருங்கள்.