வீட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் தளம்: எட்டு வருடத்தில் நான் கண்டது

நடைபாதை, கார் நிறுத்தும் இடம், பின்பக்கத் துவைக்கும் திட்டு எல்லாமே கான்கிரீட்தான், போட்டு எட்டு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் பெருக்கியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலை இறங்கி, விரிசலுக்கு ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக ஆனபிறகுதான் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை என்று பார்க்கத் தொடங்கினேன். ஐந்து வருடமாக அது தப்பவில்லை.

அந்த மூலை ஏன் இறங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கலவை சரியில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வந்த கொத்தனார் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார், மற்ற இடங்களில் கெட்டியாகக் கேட்ட சத்தம் அந்த மூலையில் மட்டும் பொள்ளலாகக் கேட்டது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் தளத்தின் ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்ததால், அடிமண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போயிருக்கிறது. மூலையை உடைத்து, ஜல்லி போட்டு நன்றாகத் திமிசு கட்டி, புதிதாகக் கான்கிரீட் போட்டோம். குழாயை 2 மீட்டர் தள்ளி நீட்டினோம். அதற்கப்புறம் அசையவே இல்லை.

அதனால் இப்போது என் சோதனை மழையிலேயே தொடங்கிவிடும். குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வந்தால் போதும், தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, சுவர்ப்பக்கம் எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். சுவரிலிருந்து வெளியே 1 மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் இருந்தால் நல்லது.

விரிசலைப் பார்த்ததும் பூச ஓடாதீர்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். என் தளத்தில் முடி மாதிரி மெல்லிய விரிசல் மூன்று இருக்கின்றன, ஐந்து வருடமாக ஒன்றுகூட கோட்டைத் தாண்டவில்லை. அகலமாகிக்கொண்டே போவது, ஒரு பக்கம் உயர்ந்து நிற்பது, துருக்கறை கசிவது, இந்த மூன்றும்தான் கவலைப்பட வேண்டியவை. துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்து உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பெயர்க்கும், மேலே பூசி மறைத்தால் நிற்காது. கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடும் ஒரு விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றினேன், அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று விட்டது. அசையும் இடத்துக்கு அசையும் பொருள்தான் சரி. பாலியூரித்தேன் சீலன்ட் (இறுகினாலும் இழுபடும் அடைப்புப் பசை) போட்டு நான்கு வருடம் ஆகிறது, இன்னும் ரப்பர் போல இருக்கிறது. அடியில் நுரைக்கயிறு வைத்து, சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் பாதியாக இருக்கும்படி போட்டேன். தளத்தில் வெட்டிவிட்டிருக்கும் ஜாயிண்ட் கோடுகளையும் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். விரிசல் விழுந்தால் அங்கே விழட்டும் என்றுதான் அவற்றை வெட்டுகிறார்கள்.

தண்ணீர் ஊறாமல் தடுக்கும் மேற்பூச்சில்தான் எனக்கு அதிகம் வீணானது. முதலில் பளபளப்பான அக்ரிலிக் பூச்சு வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றரை வருடத்தில் திட்டுத் திட்டாக வெளுத்து உரிந்தது, நனைந்தால் வழுக்கியது. அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் படலத்துக்குக் கீழே சிக்கிக்கொண்டதுதான் காரணம். சுரண்டி எடுக்கவே இரண்டு வார இறுதிகள் போயின. பிறகு சிலேன்-சிலாக்சேன் வகைக்கு மாறினேன். அது உள்ளே ஊறிப்போகும், மினுமினுப்பு கிடையாது, பூசியதே தெரியாது. மூன்று வருடம் கழித்தும் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறது, டயர் ஏறும் தடத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. புதுத் தளமென்றால் 28 நாள் பொறுத்து, நன்றாகக் காய்ந்த நாளில் பூசுங்கள்.

கழுவும்போது பிரஷர் வாஷரின் ஊசி முனையைப் போடாதீர்கள், அது மேல்தோலைக் கீறி மணலைக் கிளப்பிவிடும், விசிறி முனை போதும். ஆசிட்டும் ஊற்றாதீர்கள், அது கறையோடு சேர்த்து சிமெண்டையும் அரிக்கும். உப்பு பூத்த வெள்ளையை முதலில் காய்ந்தபடியே பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கிவிடுங்கள், எடுத்தவுடன் தண்ணீர் விட்டால் கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். பனி உறையும் ஊர்களில் இருப்பவர்களுக்குப் பூச்சு இன்னும் முக்கியம், உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், நுண்துளைகளில் நிறைந்திருந்தால் மேல்பரப்பு செதில் செதிலாகப் பெயரும்.

இந்தத் தடவை பார்த்ததில் சுவரும் நடைபாதையும் சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சீலன்ட் ஒரு பக்கம் விட்டிருக்கிறது. அந்த இடம் நன்றாகக் காய்ந்ததும் பழையதை முழுவதும் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மழைக்கு முன்னால் பாக்கி அது ஒன்றுதான்.