அம்மாவின் மறதியும் ஒரு குழாய் இரத்தமும்

பெர்த்தில் குடியேறிய பிறகு, சிங்கப்பூர்ப் பயணம் என்றால் தேக்கா கடைத்தெருவும் உறவினர் வீட்டுத் திருமணங்களுமாகவே கழிந்துவிடும். இம்முறை ஈசூனில் தங்கை குடும்பத்துடன் வசிக்கும் அம்மாவின் மறதியைப் பரிசோதிப்பதற்கென்றே விடுப்பின் பெரும்பகுதியை ஒதுக்கினேன். இதே எண்ணத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்துடன் போனால் மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லி அந்தக் கடிதத்தை வாங்கிவைப்பது நல்லது.

நினைவாற்றல் சோதனை எனக்கு மனநிறைவளித்தது. தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு ஆங்கிலக் கேள்விகளைக் கொடுத்தால், குறையும் மதிப்பெண் மறதியைக் காட்டுகிறதா, மொழியைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. இங்கு சிங்கப்பூரிலேயே உருவான, படங்களை மட்டுமே கொண்ட ‘விகேட்’ என்னும் சோதனையைப் பயன்படுத்தினார்கள். தாதி தமிழில் பேசியதும் அம்மா உற்சாகமாகிவிட்டார். பதில்களுக்கிடையே அவருடைய ஊர் எது என்று விசாரிக்கவும் தவறவில்லை.

நான் பெரிதும் எதிர்பார்த்து வந்தது இரத்தப் பரிசோதனையை. அல்சைமர் நோயில், மறதி வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படியத் தொடங்குகிறது. அதை அறிய முன்பு பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையேல் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும். இப்போது அந்தப் படிவைக் காட்டிக்கொடுக்கும் பி-டாவ்217 என்ற இன்னொரு புரதத்தின் அளவை இரத்தத்திலேயே கணக்கிடுகிறார்கள். ஆனால் மருத்துவர் அவசரப்படவில்லை. அம்மாவுக்கு நீண்டகால நீரிழிவு உண்டு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அல்சைமர் இல்லாதவருக்கும் அந்த அளவு உயர்ந்து காட்டலாம் என்பதால், முதலில் சிறுநீரகப் பரிசோதனையையும் எம்ஆர்ஐயையும் முடிக்கச் சொன்னார்.

எனக்கும் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள் என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அறிகுறி இல்லாதவருக்கு அமிலாய்டு இருப்பது தெரியவந்தாலும், மறதிநோய் வருமா, எப்போது வரும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் முதன்முதலாக அனுமதித்த அல்சைமர் இரத்தப் பரிசோதனைகூட, அறிகுறிகளுடன் வரும் 55 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது. இதையெல்லாம் விளக்காமல் விலைப்பட்டியலை மட்டும் அனுப்பிவைத்த தனியார் மருந்தகம் ஒன்றையும் இதே பயணத்தில் பார்த்தேன். அங்கே முடிவைக் கேட்டுக் கலங்கி நிற்பவருக்கு யார் பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அறிகுறியில்லாதவர்களின் இரத்தமும் ஆய்வுக்குத் தேவைதான் என்றும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மறதிநோய் ஆய்வு நிலையம் நடத்தும் ‘பயோசிஸ்’ ஆய்வு அத்தகையது என்றும் மருத்துவர் கூறினார். உலக ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரே இடம்பெற்றிருக்கும் நிலையில், நம்மவர் உடலுக்கு எந்த அளவு இயல்பானது என்பதை நம்மவரிடமிருந்துதான் அறிய முடியும். ஆசியர்களிடம் அல்சைமருடன் மூளையின் சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்து வருவது சகஜம்.

அம்மாவின் எம்ஆர்ஐயிலும் அத்தகைய பாதிப்பே முதலில் தெரிந்தது. இரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். சிறுநீரக முடிவு வந்தபின் பி-டாவ்217 தேவையா என்று முடிவு செய்வார்கள். அடுத்த சந்திப்புக்குத் தங்கை அழைத்துப்போகிறாள், நான் தொலைபேசியில் சேர்ந்துகொள்ள மருத்துவர் சம்மதித்திருக்கிறார்.