பழைய மினி பொக்லைன்: கழுவி ஏற்றுவதா, இறக்கிக் கழுவுவதா?

ஆஸ்திரேலியாவுக்குப் பழைய இயந்திரம் வரவழைக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். விற்பவர் ஊரிலேயே பிரித்துக் கழுவிக் கப்பல் ஏற்றலாம். அல்லது அப்படியே ஏற்றி, இங்கே இறங்கியதும் ஆஸ்திரேலிய வேளாண் துறை அங்கீகரித்த கழுவுமிடத்தில் விடலாம். ஜப்பானிலிருந்து ஒரு பழைய மினி பொக்லைன் எடுத்தபோது நாங்கள் முதல் வழியில் போனோம். இன்னொன்று எடுத்தாலும் அதே வழிதான்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய இயந்திரத்துக்கு வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டும். நிபந்தனைகள் ‘பைக்கான்’ என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. மண், விதை, இலைதழை, பூச்சி, விலங்குக் கழிவு எதுவும் இருக்கக் கூடாது. வெளிநாட்டில் கழுவியாயிற்று என்பதற்காக இங்கே சோதனையைத் தவிர்க்க முடியாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2001-இல் பிரிஸ்பேனில் சிவப்பு நெருப்பு எறும்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. கோமாரி நோய் 1872-க்குப் பிறகு இந்த நாட்டில் தலைகாட்டவில்லை; அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் ஒட்டி வரக்கூடியது. எங்கள் வண்டி வேலைக்குப் போகிற இடங்களில் மாட்டுப் பண்ணைகளும் உண்டு. டிராக்குக்குள் (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் பட்டை) ஒரு கைப்பிடி மண் இருந்தால் அது யார் வாசலில் போய் விழும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் இதை வெறும் சுங்கச் சடங்காக நான் பார்ப்பதில்லை.

இனி, என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற விஷயம். பலரும் கழுவும் கூலியை மட்டும் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, கழுவும் நேரத்தில் வண்டி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். சரக்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள் வந்ததுமே 2015-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடுகிறது. அதிகாரி விடுவிக்கும்வரை நீங்களே ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அடித்தட்டைக் கழற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற இடத்தில், அவர்கள் ஆள், அவர்கள் மணிக்கூலி, அவர்களுக்கு ஒழிந்த நேரம். கழுவி முடித்தால் மறுபடி சோதனைக்கு வரிசை. மறுசோதனையில் ஒரு பிடி புல் விதை அகப்பட்டால் திரும்பவும் கழுவல். இதற்கிடையில் கன்டெய்னர் வாடகையும் கிடங்கு வாடகையும் ஏறிக்கொண்டே போகும். சுத்தம் செய்யவே முடியாத நிலை என்று துறை முடிவெடுத்தால், திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். இரண்டு செலவும் நம் தலையில்தான்.

ஜப்பானில் விற்பவரின் யார்டில் நிற்கும்போது கதை வேறு. அது இன்னும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் போகவில்லை. அங்கேயே ஒர்க்ஷாப் இருக்கிறது, அந்த வண்டியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் இருக்கிறார். மினி பொக்லைனில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதில்லை. டிராக்கைத் தாங்கும் ரோலருக்கும் டிராக் சட்டத்துக்கும் நடுவில் மண் இறுகிக் கல்லாகிக் கிடக்கும். அடித்தட்டுக்கு மேல் எண்ணெயும் சருகும் கலந்து ஒரு படலம். ரேடியேட்டர் மடிப்புகளில் விதை, ஏர் ஃபில்டர் கூட்டில் உமி, கேபின் விரிப்புக்கு அடியில் காய்ந்த சேறு, சமநிலைக்காகப் பின்னால் வைத்த எடையான கவுண்டர்வெயிட் பக்கத்து இடுக்கில் எலி இழுத்துவந்த வைக்கோல். டிராக்கைத் தளர்த்தாமல், தட்டைக் கழற்றாமல், வெறும் பிரஷர் வாஷ் இதில் பாதியைக்கூட வெளியே எடுக்காது. பிரித்த நிலையில் ஒவ்வொரு இடத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம்; திருப்தி இல்லையென்றால் ‘இன்னொரு தரம்’ என்று சொல்லலாம். மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அந்தப் பேச்சுக்கு மதிப்பும் உண்டு.

இங்கே இறக்கிக் கழுவுவதற்கும் நியாயம் இருக்கிறது. அதிகாரிகள் எந்த இடுக்கில் டார்ச் அடிப்பார்கள் என்று கழுவுமிடத்து ஆட்களுக்கு அத்துப்படி. கழுவிய தண்ணீரும் சகதியும் வெளியே ஓடாமல் பிடித்து வைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கும். அது பெரிய விஷயம். விற்பவர் ஏலக்கடைக்காரராக இருந்து, ‘இருக்கிறபடி எடுத்துக்கொள்’ என்பவராக இருந்தால் வேறு வழியும் இல்லை. அப்போது கழுவும் செலவோடு மறுசோதனை, வாடகை எல்லாவற்றையும் சேர்த்து ஏலத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள்.

நான் சொல்வது சிறிய வண்டியின் அனுபவம். கம்பைன் ஹார்வெஸ்டர், வைக்கோல் கட்டும் பேலர் போன்றவற்றை நான் இறக்கியதில்லை. தானியம் தங்கும் இடுக்குகள் அவற்றில் மிக அதிகம் என்பதால் அவற்றுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று உறுதி கொடுக்க மாட்டேன்.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பிரவுன் மார்மொரேட்டட் ஸ்டிங்க் பக் என்ற நாற்றப்பூச்சிக்கான சிகிச்சை வேறு, கழுவல் வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. குளிருக்கு ஒதுங்க இடம் தேடி இந்தப் பூச்சி வண்டிகளுக்குள் புகுந்துகொள்ளும். புத்தம்புது வண்டியையும் விடாது. செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இத்தாலி, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து கிளம்பும் வண்டி, இயந்திரங்களுக்குச் சிகிச்சை கட்டாயம். வெப்பம் என்றால் பொருளின் மிகக் குளிர்ந்த பரப்பிலும் 56 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். இல்லையென்றால் சல்ஃப்யூரில் ஃபுளோரைடு அல்லது மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு. நாட்டுப் பட்டியல் பருவத்துக்குப் பருவம் திருத்தப்படுவதால் போன வருடத்துப் பட்டியலை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

திறந்தபடி வரும் பெரிய வண்டிகளைப் பொறுத்தவரை இந்தப் பூச்சி விதியும் என் பக்கமே சாய்கிறது. ஆறு பக்கமும் மூடிய கன்டெய்னரில் வந்தால் இங்கே இறக்கியும் சிகிச்சை செய்ய விடுகிறார்கள். ரோ-ரோ கப்பலிலோ (வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பல்) ஃபிளாட் ரேக்கிலோ (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத கன்டெய்னர்) திறந்தபடி வந்தால் அந்தச் சலுகை இல்லை. சிகிச்சை இங்கே வருவதற்கு முன் வெளிநாட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். எங்களுடையது போன்ற சின்ன வண்டி கன்டெய்னரில் அடங்கிவிடும், பெரிய இயந்திரங்கள் பல அடங்காது. பக்கத்து நியூசிலாந்தில் 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து வந்த கார் கப்பல்கள் சிலவற்றை இந்தப் பூச்சிக்காகவே சரக்கை இறக்கவிடாமல் திருப்பினார்கள். அந்த நிலையில் உங்கள் வண்டி மட்டும் சுத்தமாக இருந்தும் பயனில்லை. அந்த அபாயத்துக்கு இரண்டு வழியிலும் மருந்து கிடையாது.

அங்கேயே கழுவ முடிவெடுத்தால் தேதியைக் கவனியுங்கள். கழுவிய வண்டி புல் முளைத்த யார்டில் நின்றால் விதையும் சிலந்தி வலையும் நத்தையும் திரும்ப ஏறிவிடும். கன்டெய்னரில் ஏற்றும் நாளை முதலில் உறுதிசெய்துவிட்டு, அதற்கு ஒட்டிய நாளில் கழுவச் சொல்லுங்கள். நடுவில் சிமென்ட் தரையில்தான் நிற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கன்டெய்னரின் தரை, மூலைகளையும் ஏற்றுவதற்கு முன் படமெடுக்கச் சொல்லுங்கள். முன்பு தானியம் ஏற்றிய பெட்டியாக இருந்தால் தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டு தரைப்பலகை இடுக்கில் இருக்கலாம். கழற்றிய தட்டுகளின் போல்ட்டுகளை அதிகம் இறுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். இங்கே அதிகாரி திறந்து பார்க்கக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும்.