கில்வா கிசிவானி ஒரு நாள் சுற்றுலா: எழுந்த கதை அருமை, விழுந்த கதை அரைகுறை

தான்சானியா வரைக்கும் போய் சஃபாரியை விட்டுவிட்டு இடிந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிற தம்பி வீட்டிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர், கில்வா மசோகோவுக்குப் பேருந்தில் போய், அங்கே ஒரு சின்ன ஏஜென்சி மூலம் எதிரே இருக்கும், ஒரு காலத்தில் சுல்தான்களின் துறைமுக நகரமாக இருந்த கில்வா கிசிவானி தீவைச் சுற்றினேன். ஏஜென்சி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லது. தொல்லியல் துறை அனுமதிச் சீட்டுக்கு நம்மை அலையவிடாமல் அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள். பாய்மரப் படகில் கொஞ்ச நேரத்தில் தீவு. கைடு அந்தத் தீவுக்காரர். பெரிய மசூதியை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டினார், ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. பவளக் கல்லை வெட்டிச் சுவராக்கி, அதே கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசியிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் சிறியதாக இருந்ததை 1300-களின் தொடக்கத்தில் சுல்தான் அல் ஹசன் இப்னு சுலைமான் குவிமாடமும் வளைவுகளுமாகப் பெரிதாக்கினார்.

அவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்டேன். கைடு குச்சியை எடுத்து மணலில் படம் போட்டார். ஜிம்பாப்வே பீடபூமியில் தங்கம், அது கடலுக்கு வந்து சேரும் துறைமுகம் சோஃபாலா, அந்தச் சோஃபாலாவைக் கைக்குள் வைத்திருந்தது கில்வா. அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பருவக்காற்றைப் பிடித்து வரும் கப்பல், ஒரே பருவத்தில் வந்து திரும்ப வேண்டுமானால் ஏறக்குறைய இதற்குத் தெற்கே போக முடியாது. அதனால் துணியும் கண்ணாடி மணியும் சீனப் பீங்கானும் இங்கேயே இறங்கும், தங்கமும் தந்தமும் இங்கேயே ஏறும், நடுவில் உட்கார்ந்து சுல்தான் வரி வாங்குவார். அல் ஹசன் பெயர் பொறித்த செப்புக்காசு ஒன்று, அந்தத் தங்கப் பீடபூமியின் பழைய தலைநகரான கிரேட் ஜிம்பாப்வே இடிபாடுகளிலேயே கிடைத்திருக்கிறது. 1331-இல் மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்து பார்த்து வியந்ததும் இதே சுல்தானைத்தான். வழியில் ஒரு ஃபக்கீர் கேட்டார் என்பதற்காக உடுத்தியிருந்த உடையையே கொடுத்துவிட்ட மனிதர்!

பாரசீகத்தின் ஷிராஸ் நகர இளவரசர் ஒருவர் தீவையே சுற்றி வரும் அளவுக்குத் துணி கொடுத்து இந்தத் தீவை வாங்கினார் என்ற பழங்கதையையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், ஊரைக் கட்டியது இந்தக் கடற்கரைக்காரர்களான எங்கள் சுவாஹிலி முன்னோர்கள்தான் என்று. அந்த இடத்தில் ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மதியம் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சோறும். அதற்கு முழு மதிப்பெண்.

அப்புறம்தான் சறுக்கியது. கடலோரக் கோட்டை முன்னால் நிறுத்தி, "போர்ச்சுகீசியர் வந்தார்கள், கட்டினார்கள், கில்வா முடிந்தது" என்று ஐந்தே நிமிடத்தில் கதையை முடித்துவிட்டார். இன்று நிற்கிற கோட்டையில் பெரும்பகுதி பின்னால் ஓமானியர் காலத்தில் எழுந்தது. சரி, அதை விடுவோம். 1502-இல் வாஸ்கோ ட காமா பீரங்கியைக் காட்டிக் கப்பம் பிடுங்கியதும், அந்தத் தங்கத்தை உருக்கி 1506-இல் செய்த தேவாலயப் பாத்திரம் இன்றும் லிஸ்பன் அருங்காட்சியகத்தில் மின்னிக்கொண்டிருப்பதும் சொல்ல வேண்டாமா? 1505-இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்மெய்தா ஊரைச் சூறையாடிக் கோட்டை கட்டினார், 1512-இலேயே போர்ச்சுகீசியர் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஏழே வருடம்! உட்கார்ந்து தின்ன எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் விஷயம். கிரேட் ஜிம்பாப்வே அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஆள் குறைந்து போயிருந்தது, அரியணையில் இருந்த அமீர் இப்ராஹிம் சுல்தான் வம்சமே இல்லை, சோஃபாலாவிலும் போர்ச்சுகீசியர் நேராகவே கோட்டை போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட பானையைத்தான் அவர்கள் தட்டினார்கள்.

இதையெல்லாம் சொல்ல சரியான இடம் ஹுசுனி குப்வா. அல் ஹசன் கடலோரக் குன்றின் மேல் நூறு அறைக்கு மேல் வைத்து, எண்கோணக் குளமும் வெட்டி, முழுதாக முடிக்காமலேயே விட்ட அரண்மனை. அங்கே எங்களைக் கடைசியாக, வெளிச்சம் மங்கும் நேரத்தில் கூட்டிப்போய் இருபது நிமிடத்தில் கிளப்பிவிட்டார்கள். திரும்பும்போது கடல் வற்றிப் படகு கரைக்கு வர முடியாமல், முழங்கால் சேற்றில் நடந்ததில் என் ஒரு செருப்பு போயே போச்சு.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே ஹுசுனி குப்வாவைக் காலையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், வார் வைத்த ரப்பர் ஷூவாகப் போட்டுக்கொண்டு போங்கள்.