சொல்லா, நோக்கமா? 72 மீன்களின் வழக்கு

சட்டத்தை அதன் சொற்படியே வாசிப்பதா, எதற்காக இயற்றினார்கள் என்று பார்த்து வாசிப்பதா? அமெரிக்க நீதிபதிகளிடையே இது ஓயாத வாதம்.

2007-ல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகைச் சோதித்த அதிகாரி, பிடிக்க அனுமதித்த 20 அங்குலத்துக்கும் குறைவான 72 கலவா மீன்களைத் தனியே எடுத்து, கரை சேரும்வரை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். படகுத் தலைவரோ தன் ஆளிடம் அவற்றைக் கடலில் வீசச் சொல்லிவிட்டார். என்ரான் என்ற பெருநிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002-ல் வந்த சட்டம் அவர்மேல் பாய்ந்தது. விசாரணையைக் கெடுக்கப் பதிவேட்டையோ, ஆவணத்தையோ, 'தொட்டுணரக்கூடிய பொருளையோ' அழித்தால் 20 ஆண்டு வரை சிறை.

மீன் பொருள்தானே? ஆம் என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி எலினா ககன். சட்டம் மோசமானது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைத் திருத்துவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்றார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நீதிபதியின் விருப்பம் சட்டமாகிவிடாது.

அதே நீதிமன்றத்தின் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 'பொருள்' என்ற அந்தச் சொல்லின் அண்டை அயலைப் பார்த்தார். பதிவேடு, ஆவணம் என்ற வரிசையில் வருவதால், தகவலைப் பதிந்து வைக்கும் பொருள்தான் அது என்றார். 2015-ல் 5-4 என்று மீனவர் வென்றார்.

என் ஓட்டு கின்ஸ்பர்க்குக்கே. கணக்குப் புத்தகத்தை எரிப்பவரைப் பிடிக்கப் பின்னிய வலை அது.